முப்பதைத் தாண்டிய பிறகு ஆங்கில ஆசிரியர் ஆகலாமா? வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராயபுரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அதற்கு முன்பு செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் ஆபீசில், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பழைய கதை தெரிந்தவர்கள் டீக்கடையிலும் பள்ளி வாசலிலும் நிறுத்தி, "சார், நானும் வாத்தியார் ஆகலாம்னு பாக்குறேன்" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்பவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

என்ன படித்திருக்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்க: பி.ஏ. ஆங்கிலம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள். அரசுப் பள்ளி என்றால் அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் போட்டித் தேர்வு. இந்தப் பணிக்குப் பட்டதாரி ஆசிரியர் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குள் எல்லாருக்கும் 'பி.டி.'தான்.

பதினொன்று, பன்னிரண்டுக்கு: எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., முதுகலை ஆசிரியர் தேர்வு. இதற்கு டெட் கேட்பதில்லை.

ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளை மறந்துவிடுங்கள். பி.எட். தொடக்க வகுப்புகளுக்கான தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதற்குத் தனிப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

நான் பி.காம். எம்.ஏ. ஆங்கிலத்தைத் தபாலில் முடித்துவிட்டால் போதாதா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் எம்.ஏ. ஆங்கிலத்தில் சேரலாம் என்று பல தொலைநிலைப் படிப்புகள் சொல்லும். சேரலாம், அதில் பொய் இல்லை. ஆனால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு உங்கள் இளங்கலைப் பாடம் என்ன என்றுதான் பார்ப்பார்கள். பி.காம். மேல் எம்.ஏ. ஆங்கிலத்தை ஏற்றிக்கொண்டு போனால் சேர்க்கையிலும் சிக்கல், சான்றிதழ் சரிபார்ப்பிலும் சிக்கல்.

நேர்வழி பி.ஏ. ஆங்கிலத்தை மறுபடியும் முதலிலிருந்து படிப்பது. மூன்று வருடம் போகும், கசக்கத்தான் செய்யும். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. வேலையை விடாமலே இந்தக் கட்டத்தைத் தாண்டலாம். பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களின் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. 2009-லேயே வந்த அரசாணை அது. உங்கள் வரிசை பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டுப் பட்டம் என்று ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பி.இ. முடித்திருக்கிறேன். பொறியாளர்களும் பி.எட். சேரலாம் என்கிறார்களே?

சேரலாம், ஆனால் கணிதம், அறிவியல் பக்கம் போகத்தான். ஆங்கிலம்தான் வேண்டும் என்றால் நீங்களும் பி.ஏ. வரிசையில் வந்து நில்லுங்கள். கணக்கு நன்றாக வரும் என்றால் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

பி.எட்.டையும் தபாலில் முடிக்க முடியாதா?

முடியாது. தொலைநிலை பி.எட். இருப்பது உண்மைதான், ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கும் நேரடி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குமானது. கிளியரிங் ஆபீசில் இருந்துகொண்டு அதில் சேர வழியில்லை.

2015 முதல் பி.எட். இரண்டு வருடம். வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. இரண்டாம் வருடத்தில் 16 வாரம் ஏதாவது ஒரு பள்ளியில் நின்று பாடம் எடுக்க வேண்டும். "காலேஜுக்கு வரவே வேணாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்கிய காகிதத்தோடு ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தால் பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓராண்டு பி.எட். மீண்டும் வருவது பற்றி 2025-ல் ஒரு வரைவு வெளியானது. வரைவைக் காட்டி எவராவது அட்மிஷன் பணம் கேட்டால், அந்தப் படிப்புக்குக் குழுமத்தின் அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த இரண்டு வருடம்தான் உண்மையான செலவு. கட்டணத்தைச் சொல்லவில்லை, வராமல் போகும் சம்பளத்தைச் சொல்கிறேன். வேலையை விடுவது என்றால் இந்தக் கட்டத்தில் விடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். நான் கண்டவரை, இரண்டு வருட வீட்டுச் செலவில் பாதியாவது கையில் இல்லாமல் வந்தவர்களுக்கு இரண்டாம் வருடம் ரெக்கார்டு நோட்டும் வட்டிக்காரரும் சேர்ந்தே வந்தார்கள்.

எந்தக் கல்லூரி? தினமும் எப்படிப் போய் வருவது?

சைதாப்பேட்டை அரசுக் கல்வியியல் கல்லூரி 1856-ல் தொடங்கியது, கட்டணமும் குறைவு. முன்பெல்லாம் திருவொற்றியூரில் இருந்து சைதாப்பேட்டை என்றாலே அலுத்துக்கொள்வோம். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு அந்தக் கதை மாறிவிட்டது. திருவொற்றியூர் தேரடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் சைதாப்பேட்டையில் இறங்கலாம். உட்கார இடம் கிடைத்தால் அன்றைய பாடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

பெண்களுக்குக் கடற்கரைச் சாலையில் லேடி வெலிங்டன், வேப்பேரியில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர்க்காரர்களுக்கு வேப்பேரி பக்கம். இராயப்பேட்டையில் மெஸ்டன் இருக்கிறது. சேர்க்கைக்கு இளங்கலையில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும், மற்றவர்களுக்கு வகுப்புவாரியாகத் தளர்வு உண்டு. பழைய பட்டத்தில் எத்தனை வாங்கினீர்கள் என்பது இங்கே கணக்கில்லை. பி.ஏ. ஆங்கிலத்தில் வாங்குவதுதான் கணக்கு. அதனால் இரண்டாவது பட்டம்தானே என்று ஏனோதானோ என எழுதாதீர்கள்.

டெட் கடினமா?

150 கேள்வி, 150 மதிப்பெண். பொதுப் பிரிவில் தேர்ச்சிக்கு 90. மற்ற பிரிவுகளுக்கான தளர்வை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள். ஒரு முறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கில ஆசிரியர் ஆகப் போகிறவருக்கு இதில் ஆங்கிலம் 30 மதிப்பெண்தான். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, மீதி 60-க்கு கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். நம்மவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியலைத்தான் எடுப்பார்கள். ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் பாடப் புத்தகங்களை வரிவரியாகப் படியுங்கள். கோச்சிங் சென்டர் கைடைவிட அதுதான் கைகொடுக்கும். தமிழில் 30-ஐ அலட்சியம் செய்து தோற்ற ஆங்கிலப் பட்டதாரிகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது போட்டித் தேர்வு. டெட் தேறியவர்களுக்கு அரசுப் பணிக்குத் தனித் தேர்வு என்று 2018-ல் அரசாணை வந்தது. அதன்படி பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. முதலில் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தாள், அதில் 20 எடுக்காவிட்டால் உங்கள் ஆங்கிலத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதுகலைத் தேர்விலும் தமிழ்த் தாள் உண்டு. அதன் பிரதானத் தாளில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10.

எனக்கு 38. வயது தாண்டிவிட்டதா?

இல்லை. 2023-ல் உச்ச வரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58 என்று உயர்த்தினார்கள். வயது தடையில்லை. ஆனால் 38-ல் பி.ஏ. சேர்ந்தால் பி.எட். முடிக்கும்போது 43. அப்போது உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும், அந்த வருடம் யாருடைய ஃபீஸ் முதலில் என்ற கணக்கை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து போடுங்கள்.

சரி, சம்பளம்?

அரசுப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400-ல் தொடங்குகிறது, முதுகலை ஆசிரியருக்கு 36,900-ல். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி அதன் மேல். எல்லாரும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள்.

நான் சொல்வது வேறு கணக்கு. அரசு ஆணை கைக்கு வரும் வரை நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் கொடுங்கையூரிலோ மாதவரத்திலோ ஒரு மெட்ரிக் பள்ளியில். காலிப் பணியிடங்களில் தற்காலிகமாக அமர்த்தும் பட்டதாரி ஆசிரியருக்கு 2022-ல் அரசு நிர்ணயித்த தொகை மாதம் 15,000, முதுகலைக்கு 18,000. சின்ன மெட்ரிக் பள்ளிகள் பலவற்றில் முதல் வருடச் சம்பளம் அதைக்கூடத் தொடாது. மே மாதம் சம்பளம் உண்டா என்பதையும் சேரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால் ஏப்ரல் முடிவில் தெரிந்துகொள்வீர்கள்.

அந்தச் சம்பளத்தில் நான்கைந்து வருடம் குடும்பம் ஓடும் என்றால் வாருங்கள். மனைவியின் சம்பளமோ கணவரின் சம்பளமோ மாலை டியூஷனோ எதுவாக இருந்தாலும் சரி. அரசு வேலை அதற்கு மேல் வந்தால் வரட்டும். அதை மட்டும் நம்பி வருபவர்கள் மூன்றாவது வருடத்தில் வகுப்பறையிலேயே கைடை விரித்து வைத்துக்கொண்டு டி.ஆர்.பி.க்குப் படிக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு அந்த வருடம் போச்சு. இதில் எனக்குக் கோபமே உண்டு.

சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் டெட் தேவையில்லையாமே?

வடசென்னையில் இப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, அதனால் இந்தக் கேள்வியும் நிறைய. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2025 செப்டம்பரில் வந்த தீர்ப்பு மற்ற பள்ளிகளில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் டெட்டைக் கட்டாயமாக்கிவிட்டு, சிறுபான்மைப் பள்ளி விவகாரத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும் டெட் தேறியவருக்கு நஷ்டம் இல்லை. எழுதிவிடுங்கள்.

உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் நியமிக்கும், அரசு ஒப்புதல் தந்தால்தான் அரசுச் சம்பளம். அதுவரை 'மேனேஜ்மென்ட் போஸ்டிங்', நிர்வாகம் தருவதுதான் சம்பளம். "இவ்வளவு லட்சம் கொடுத்தா அப்ரூவல் வாங்கித் தர்றேன்" என்று எவராவது வந்தால் அவரோடு டீ குடிக்கக்கூடப் போகாதீர்கள்.

பி.பி.ஓ.வில் ஆறு வருடம் வாய்ஸ் பிராசஸ், அதாவது வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலை. ஆங்கிலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகென்ன?

நல்ல தொடக்கம். கூச்சமில்லாமல் பேசும் ஆசிரியர் கிடைப்பது பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம். ஆனால் நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது, முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், வாக்கியத்தை வெட்ட வேண்டும், அப்புறம் கரும்பலகையில் எழுத வேண்டும். இது நன்றாகப் பேசுபவர்களுக்குத்தான் கடினம்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. புத்தகத்து வரைபடத்தில் இருக்கும் பூங்காவும் தபால் நிலையமும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுவதில்லை. நான் பலகையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கோடு போட்டு, காலடிப்பேட்டை மார்க்கெட்டில் இருந்து தேரடிக்கு ஒரு வெளியூர்க்காரரை அனுப்பச் சொல்வேன். வகுப்பே எழுந்து நிற்கும். ஒருவன் மெட்ரோ ஸ்டேஷனைச் சொல்வான், ஒருத்தி பூக்கடையைச் சொல்வாள், "சார், அங்க ஒன்வே சார்" என்று சண்டை வரும். எல்லாம் தமிழில்தான். அந்தச் சண்டை முடிந்ததும் அதையே நான்கு ஆங்கில வாக்கியமாகப் பலகைக்கு இறக்குவது பத்து நிமிட வேலை. நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு, இதற்கு எதிரே, அதற்குப் பக்கத்தில். அடுத்த நாள் புத்தக வரைபடத்தைக் கொடுத்தால் தயங்காமல் எழுதுகிறார்கள். வாய்ஸ் பிராசஸில் கற்றது இங்கே நிச்சயம் உதவும்: எதிராளி எங்கே தொலைந்துபோகிறார் என்று காதால் கண்டுபிடிக்கும் பழக்கம்.

என் ஆங்கிலம் சுமார்தான். தமிழ் வழியில் படித்தவன்.

தமிழ் வழியில் வந்தவர்கள்தான் இந்த வேலைக்கு நல்லவர்கள் என்பது என் கட்சி. எந்த இடத்தில் தடுக்கும் என்று அனுபவித்தே தெரியும் அல்லவா? ஆனால் 'சுமார்' என்றே நின்றுவிட முடியாது. பி.ஏ. படிக்கும் மூன்று வருடமும் தினம் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை. காலமும் வினைச்சொல்லும் கையில் இருக்க வேண்டும். ஷேக்ஸ்பியர் பிறகு வருவார்.

வடசென்னைப் பிள்ளைகளை மேய்ப்பது கஷ்டம் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வடசென்னைக்கு வெளியே, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். கத்துவார்கள், கிண்டல் செய்வார்கள், உங்கள் சட்டையைப் பற்றிக்கூடக் கருத்துச் சொல்வார்கள். மதியம் கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்பு எந்த ஊரிலும் ஒன்பதாம் வகுப்புதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே வகுப்பில் ஒரு பத்தியைச் சரளமாகப் படிக்கும் பெண்ணும் இருப்பாள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையனும் இருப்பான். இரண்டு பேருக்கும் மார்ச்சில் ஒரே வினாத்தாள், தேர்ச்சிக்கு 35. பள்ளிகளில் பின்தங்கியவர்களை 'மெல்லக் கற்போர்' என்று பிரித்து, தேர்ச்சிக்குப் போதுமான அளவு மட்டும் சுருக்கிய 'மினிமம் மெட்டீரியல்' கொடுத்து, மனப்பாடச் செய்யுளையும் கடிதத்தையும் உருப்போட வைத்துக் கரையேற்றுவது வழக்கம். நானும் டிசம்பருக்குப் பிறகு அதைச் செய்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் ஜூன், ஜூலையிலேயே எழுத்துக் கூட்டுபவர்களைத் தனியாக உட்கார வைத்து ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து தொடங்கினால், டிசம்பரில் அந்தக் கூட்டம் பாதியாகிறது.

வீட்டு நிலவரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கும் அந்த 61 நாளும் முடிகிற நேரத்தில்தான் பள்ளி திறக்கும், நோட்டு, சீருடை, ஃபீஸ் எல்லாம் கேட்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் நோட்டு வாங்காத பிள்ளையை எழுப்பி நிறுத்தும் ஆசிரியருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று அர்த்தம். அதேபோல் நவம்பர், டிசம்பர். வியாசர்பாடி, புளியந்தோப்பில் தண்ணீர் நின்றால் புத்தகப் பையும் நனையும். 2023 மிக்ஜாம் புயலின்போது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. பாடத்திட்டத்தை நவம்பரில் முடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள், அக்டோபரிலேயே பெரும்பகுதியை இழுத்துவிடுங்கள்.

பெற்றோர் மதிப்பார்களா என்றும் கேட்கிறார்கள். "அடிச்சாச்சும் படிக்க வையுங்க சார்" என்பார்கள். அடிக்காமல் படிக்க வைத்தால் இன்னும் மதிப்பார்கள். அடிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

பாடம் எடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் தகவல் பதிவு முறை. அதன் செயலியில் வருகைப்பதிவு, மாணவர் விவரம், அது இதுவென்று ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். நோட்டுத் திருத்தம் வீட்டுக்கு வரும். தேர்தல் வந்தால் தேர்தல் வேலையும் வரும். ஆபீஸ் வேலையில் இருந்து தப்பிக்க இங்கே வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

வேலையை விடும் முன்பு எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு பைசா கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் இளைஞர்கள் நடத்தும் மாலை நேர வகுப்புகளும் இரவுப் பாடசாலைகளும் இருக்கின்றன. ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை என்பது அங்கே எப்போதும் இருக்கும் குறை. ஆறரை மணிக்குப் போய், ஒன்பதாவது படிக்கும் பத்துப் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு வரைக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். முதல் நாள் எல்லாருக்கும் இனிக்கும்.

கவனிக்க வேண்டியது, ஒரே இலக்கண விதியை நான்காவது தடவை விளக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அல்லது வேறு எப்படிச் சொல்லலாம் என்று யோசனை ஓடுகிறதா என்பதை. எரிச்சல்தான் வருகிறது என்றால் கிளியரிங் ஆபீசிலேயே இருங்கள், அதுவும் மரியாதையான வேலைதான். கம்பர் மீதோ கீட்ஸ் மீதோ இருக்கும் காதல் இதற்கு ஈடாகாது. இலக்கிய ஆர்வம் நிறைய இருந்தும் வகுப்பில் நிற்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் என்னோடு படித்தவர்களிலேயே உண்டு.

எப்போது தொடங்கலாம்? என்ன காகிதங்கள்?

தொலைநிலை பி.ஏ.வுக்கு வருடத்தில் இரண்டு முறை சேர்க்கை நடக்கும். பெரும்பாலும் ஜூலையை ஒட்டி ஒன்று, ஜனவரியை ஒட்டி ஒன்று. பி.எட். விண்ணப்பம் ஆண்டின் நடுவில் வரும், பி.ஏ. கடைசித் தேர்வின் முடிவு அதற்குள் கைக்கு வருமா என்று பார்த்துச் சேருங்கள். ஒரு பருவம் தவறினால் ஒரு வருடமே போய்விடும்.

பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ்களில் உங்கள் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் ஆளை நிறுத்துவது பெரும்பாலும் இந்த இனிஷியல்தான். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்துவிடுங்கள். பட்டச் சான்றிதழைத் தற்காலிகச் சான்றிதழோடு விட்டுவைக்காதீர்கள், பட்டமளிப்புக்குப் பணம் கட்டி அசலை வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுப் பரண்மேல் வையுங்கள், கட்டிலுக்கு அடியில் வேண்டாம். நம் பக்கத்து மழைக்காலம் உங்களுக்குத் தெரியாததா?